பொன்னொளியில் வைக்கோல் எடுப்பது எப்படி?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயரிலேயே வயல் இருக்கிறது. ஆனால் அங்கே விளைந்தது செங்கல். ஆகவே, வைக்கோலைப் படம் பிடிக்கும் ஆசை வந்துவிட்டால் முதலில் காருக்கு எண்ணெய் போடுங்கள். நகரிலிருந்து வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டரில், நெல் விளையும் செகிஞ்சான். கிள்ளான்காரர்கள் காப்பார், ஜெரம், கோலசிலாங்கூர் வழியாகப் போகலாம். வழிநெடுக செம்பனை. அலுத்தால் எண்ணிக்கொண்டே போங்கள்.

பெரியம்மாவிடம் சொல்லாமல் கிளம்புவது நல்லது. "வைக்கோலைப் பாக்கவா நூறு கிலோமீட்டரு? தாத்தா அதையெல்லாம் விட்டுட்டுத்தானே கப்பலேறி வந்து பால்மரம் சீவுனாரு?" என்பார். பதில் தயாராக இல்லாதவர்கள், கடல் மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிடுங்கள். செகிஞ்சானில் மீனும் உண்டு என்பதால் பொய்யாகாது.

அடுத்தது பருவம். 'கோடைக் கடைசி வெயில்' என்று ஐரோப்பியர்கள் உருகுவதை நம்பி ஆகஸ்டில் போய் நிற்காதீர்கள். ஓவியர் மோனே 1890 கோடை முடிவில் தொடங்கி, மறு ஆண்டுவரை வீட்டுப் பக்கத்துக் கதிர்ப்போர்களையே சுமார் 25 ஓவியங்களாக வரைந்தார். நடுவில் அவருக்குப் பனி விழுந்தது, பருவம் தெரிந்தது. நமக்கு வருஷமெல்லாம் கோடை. அதில் எது கடைசி? செகிஞ்சானில் இரு போகம். பொதுவாக மே கடைசி, ஜூனில் ஒரு அறுப்பு. நவம்பர், டிசம்பரில் இன்னொன்று. ஆகஸ்டில் பெரும்பாலும் தண்ணீரும் இளம்பயிரும்தான். எடுத்து, 'விரைவில் வைக்கோல்' என்று தலைப்பிடுங்கள்.

வெளிச்ச விஷயத்தில் அரசாங்கம் நமக்கு ஓர் உதவி செய்திருக்கிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். அதனால் உச்சிப்பொழுதே ஒரு மணிக்கு மேல்தான். சூரியன் மறைய ஏழு தாண்டும். ரொட்டி சானாயை நிதானமாக முடித்துவிட்டே போகலாம். ஆனால் பொழுது சாயும்போது கண்ணை எடுக்காதீர்கள். இங்கே சூரியன் சாய்ந்து இறங்காது, கிணற்றில் விட்ட வாளிபோல நேராக இறங்கும். லென்ஸ் மாற்றுவதற்குள் பொன் போய்விடும். ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் மட்டும் நாள் முழுக்கப் பொன்னொளி கிடைத்தால் சந்தேகப்படுங்கள். அது சுமத்ராவின் புகைமூட்டமாக இருக்கலாம். 2015-லும் 2019-லும் பள்ளிக்கூடங்களையே மூட வைத்த ஒளி அது. முகக்கவசத்தோடு எடுங்கள்.

இனி வைக்கோல். மனத்தில் இருக்கும் படப்பை அங்கே தேடாதீர்கள். அறுவடை இயந்திரம் தாளை வயலிலேயே உதறிவிட்டுப் போய்விடும். யாராவது உருட்டிக் கட்டி வைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அப்போதும் முன்னால் நான்கு பேர் கல்யாணப் படத்துக்கு நிற்பார்கள். நகரவும் மாட்டார்கள், முத்தமும் கொடுத்துக்கொள்ள மாட்டார்கள். வைக்கோற்போர் நாய் என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள். வரப்பில் காரை ஏற்றாதீர்கள். அது சாலை அல்ல, ஒருவருடைய பிழைப்பு. இதை மட்டும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எல்லாம் கூடிவந்து ஒரு நல்ல படம் அமைந்தால், உடனே குடும்ப வாட்ஸ்அப்பில் போடுங்கள். பெரியம்மா ஒரு கும்பிடு போடுவார். தஞ்சாவூர்ச் சித்தப்பா படத்தைப் பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடிவிட்டு எழுதுவார்: "இவ்வளவு வைக்கோல் கெடக்கே, மாடு எங்கப்பா?"