மனசுக்கு ஏது ஸ்கேல்?

பி.எஸ்சி. சைக்காலஜி படித்தால் எதிரில் இருப்பவர் நினைப்பதைக் கண்டுபிடித்துவிடலாமா?

அதற்கு எதற்கு மூன்று வருஷம்? கல்யாணமாகி மூன்று மாதம் போதுமே! மாணவர்கள் முதலில் கண்டுபிடிப்பது, புள்ளியியலிடமிருந்து தப்ப முடியாது என்பதைத்தான்.

மனசைப் படிக்க சயின்ஸ் பட்டமா? சோதனைக்குழாயில் மனசை ஊற்றவா முடியும்?

ஊற்ற வேண்டாம், கடிகாரம் போதும். 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில், ஓசை கேட்டதும் கை எவ்வளவு சீக்கிரம் அசைகிறது என்று அளந்தார்கள். நோபல் இல்லாமல் என்ன சயின்ஸ் என்கிறீர்களா? நாய்களை வைத்துப் புகழ்பெற்ற பாவ்லவுக்கு 1904-ல் நோபல் கிடைத்தது, ஜீரண ஆராய்ச்சிக்காக! உளவியலாளர் டேனியல் கானமனுக்கு 2002-ல் கிடைத்ததோ பொருளாதார நோபல். சைக்காலஜிக்கென்று தனி நோபல் இல்லை. கணிதத்துக்கும்தான் இல்லை, அதை யாராவது சந்தேகப்படுகிறார்களா?

அந்தச் சோதனைகளையெல்லாம் நம்பலாமா, சார்?

2015-ல் வெளியான ஒரு முயற்சியில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். பாதிக்கு மேல் பழைய முடிவு வரவில்லை. செய்து பார்த்ததும், ஊருக்குச் சொன்னதும் சைக்காலஜிக்காரர்களேதான். உங்கள் ஜோசியர் இப்படி ஒரு கணக்குக் காட்டியிருக்கிறாரா?

பட்டம் வாங்கியதும் போர்டு மாட்டலாமா?

பட்டத்தை மாட்டலாம், வீட்டுச் சுவரில். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக மேற்படிப்பும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவும் வேண்டும். மருந்து எழுத வேண்டுமென்றால் எம்.பி.பி.எஸ்.ஸிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால், சொந்தக்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். முதல் செமஸ்டரிலேயே வந்து, “என் மாமியாருக்கு என்னதான் பிரச்னை?” என்று ஓசியில் கேட்பார்கள்.