ஒற்றை எண்ணும் பல கட்டில்களும்: திருமுக்கூடல் கல்வெட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

நிறமாலைமானி ஒன்றில் எட்டுச் சேனல்கள். அதன் கான்ஃபிக் ஃபைலில் 'கெயின்' என்ற அரேக்கு எதிரே 4 என ஒற்றை எண் மட்டும் நிற்கிறது. யாருக்கு நான்கு? ஆய்வுக்கூட நட்புகளை முறித்த இவ்வினாவில் மதங்கள் மூன்று. முதல் சேனலுக்கு 4, மற்றவற்றுக்குச் சுழி என்பர் சி மொழியார். எல்லாவற்றுக்கும் 4 என்பர் பைத்தானின் நம்பை வழியினர். மூன்றாமவர் பங்குவாதியர், நான்கை எட்டால் வகுத்து ஆளுக்கு அரை தருவர். இவர்களை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கல்வெட்டு இவர்கள் பக்கம்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 11ஆம் நூற்றாண்டு முதல் யாரும் எடிட் செய்ய முடியாத ஃபைலாக இருந்துவருகிறது. அதன்படி வீரசோழன் என்னும் ஆதுலசாலைக்கு (மருத்துவமனைக்கு) கட்டில் 15. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்பவருக்கு 30 கலம் (இன்றைய சர்ஜன்கள் இவ்வரியைத் தாண்டிச் செல்லலாம்). மூலிகை கொணரும் இருவருக்கு 60 கலம்.

இந்த அறுபது ஆளுக்கா, இருவருக்குமா? கலத்துக்குக் குறுணி 12. ஆண்டுக்கு நாள் 360 என்று கொள்க. மருத்துவருக்கு நாளொன்றுக்கு முக்குறுணி வருகிறது. அறுவையாளருக்கு ஒரு குறுணி. அறுபதைப் பங்கிட்டால் மூலிகைக்காரர் ஒவ்வொருவருக்கும் அதே ஒரு குறுணி. பங்கிடாவிட்டால் விறகும் வேரும் சுமப்பவர் கத்தி பிடிப்பவரின் இரட்டிப்பு வாங்குவார். அதை எந்தக் காலத்துக் கணக்கனும் விடமாட்டான். எனவே பங்குவாதமே சோழர் கொள்கை என்க.

பட்டியல் என்றால் காற்புள்ளி எங்கே என்பார் உளர். கல்லில் காற்புள்ளி இல்லை. பைத்தானில் அது ஒன்று விட்டுப்போனால் அடுத்தடுத்த இரண்டு பெயர்கள் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். கல்வெட்டின் மருந்துப் பட்டியலை அப்படி எழுதினால் வாசா ஹரீதகியும் கோமூத்திர ஹரீதகியும் ஒரே மருந்தாகிவிடும். கல்வெட்டாசிரியரோ பெயருக்குப் பக்கத்திலேயே அளவையும் வைத்தார்: ஹரீதகிகளுக்குப் படி, தைலங்களுக்குத் தூணி. பெயர்களை ஓர் அரேயிலும் அளவுகளை வேறோர் அரேயிலும் வைத்துவிட்டு, நடுவில் ஒன்றை நீக்கித் தைலத்தைப் படியால் அளப்போர் இதை மனப்பாடம் செய்யலாம்.

எஞ்சும் சிக்கல் ஒன்றே: பதினைந்து கட்டில்களுக்கு வரும் பதினாறாவது நோயாளி. பைத்தான் அவரை வாசலிலேயே பிழைச்செய்தியோடு நிறுத்தும். சி மொழி எதுவும் கேட்காமல் உள்ளே விட்டுப் பக்கத்து இடத்தில் என்ன இருக்கிறதோ அதன்மேல் படுக்க வைக்கும். அது மருத்துவரின் 8 காசாகவும் இருக்கலாம்.