இன்ஜின் மாற்றியல்: மாருதி 800-ஐ முன்வைத்து ஓர் ஆய்வு

குன்னூர் மலைப்பாதையில் முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் காரின் ஏசியை அணைப்பது தமிழரிடையே பரவலாகக் காணப்படும் வழக்கம். இதற்குச் சமயக் காரணம் எதுவும் இல்லை. 796 சிசி கொள்ளளவும் 40-ஐ எட்டாத குதிரைத்திறனும் உடைய ஓர் இன்ஜின், நான்கு பேரையும் புளியோதரைத் தூக்கையும் ஏசி கம்ப்ரஸரையும் ஒரே நேரத்தில் மலையேற்ற மறுப்பதே காரணம் என்க. இம்மறுப்பைக் கேட்டு ஏசியை அணைப்போர் உண்டு, வண்டியை விற்போர் உண்டு, "இன்ஜினையே மாத்திட்டா என்ன?" என்போரும் உண்டு. மூன்றாமவரே நம் ஆய்வுப்பொருள். மற்ற இருவரும் தெளிந்த சிந்தனை உடையவர்களாதலால் ஆய்வுக்குப் பயன்படார்.

ஆய்வெல்லை: 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800. அதிலும் கார்புரேட்டர் வகை மட்டும். பின்னாளில் வந்த, மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வகையைப் பிறர் ஆய்க.

முன்னாய்வுகளைப் பொறுத்தவரை, இத்துறையில் தனிமனிதர்களுக்கு முன்பே தொழிற்சாலைகள் இறங்கிவிட்டன. அம்பாசடருக்கு 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு 1,817 சிசி இன்ஜின் பொருத்தப்பட்டது. வண்டி ஓடியது, மக்கள் மகிழ்ந்தனர். இதற்கு நேர்மாறான சான்று சென்னையிலேயே கிடைக்கிறது. 1985-இல் இங்கே தயாரான ஸ்டாண்டர்ட் 2000 என்பது ரோவர் எஸ்டி1 என்ற அழகிய ஆங்கிலேயக் காரின் உடல். அங்கே 3.5 லிட்டர் வி8 இன்ஜின் வரை சுமந்த அந்த உடலுக்குள், 1940களின் வான்கார்ட் கார் மரபில் வந்த 2 லிட்டர் இன்ஜினை இறக்கினார்கள். வண்டி கனமானது, இழுவை குறைவானது, பெட்ரோலையோ தாராளமாகக் குடித்தது. சில ஆண்டுகளில் தயாரிப்பே நின்றுபோனது. பொருந்தாத இன்ஜினால் ஒரு தொழிற்சாலையே ஆட்டம் காணும் என்றால், மாதத் தவணை கட்டும் தனிமனிதர் எம்மாத்திரம்?

இனி வரன்கள். பெண் பார்க்கும் படலத்தைப் போலவே இதிலும் முதலில் சொந்தத்தில் தேடுவதே மரபு. ஆகவே முதலில் வருவது அதே மாருதி குடும்பத்து ஆம்னி. "சார், ஆம்னி இன்ஜின் அப்படியே உட்காரும்" என்னும் வாய்மொழிச் சான்று பட்டறைகளில் கிடைக்கிறது. சிசி அதேதான் என்பது மெய். ஆனால் 800-இல் இன்ஜின் முன்னால் குறுக்காக நின்று முன்சக்கரத்தை இழுக்கிறது. ஆம்னியிலோ அது முன்சீட்டுக்கு அடியில் நெடுக்காகச் சாய்ந்து படுத்துப் பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. ஒரே மூலத்தின் பாடபேதம் என்று கொள்ளலாம். ஒத்த பாகங்கள் பல இருந்தாலும் "அப்படியே" என்பது இடைச்செருகல். மேலும் அதே 796 சிசிக்காக ஒருவர் ஏன் இன்ஜின் மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு எந்தப் பட்டறையிலும் விடை கிடைப்பதில்லை.

அடுத்தது ஜென்: 993 சிசி, 4 சிலிண்டர், அலுமினியத்தால் ஆனது. மூன்றாவது எஸ்டீம்: 1,298 சிசி, 4 சிலிண்டர், கார்புரேட்டர் காலத்திலேயே 65 குதிரைத்திறன். 800 ஏறத்தாழ 650 கிலோ எடைதான். அதற்குள் 65 குதிரைகள் என்று கேட்டதும் ஆய்வுப்பொருளின் கண்களில் ஓர் ஒளி தோன்றும். ஆய்வாளர் இந்தக் கட்டத்தில் அமைதி காக்க வேண்டும். எதுவும் காதில் ஏறாது.

ஒளி அடங்கியதும் டேப்பை எடுக்கலாம். 800-இன் சிலிண்டர் துளை 68.5 மில்லிமீட்டர். மூன்றையும் வரிசையாக வைத்தால் 205.5. எஸ்டீமின் துளை 74, நான்குக்கு 296. இடையிலுள்ள சுவர்களைக் கணக்கில் சேர்க்காமலே 90.5 மில்லிமீட்டர் கூடுதல். குறுக்காக நிற்கும் இன்ஜினோடு கியர்பாக்ஸும் அதே வரிசையில் நிற்பதால், இந்த ஒன்பது சென்டிமீட்டருக்கு பானெட்டுக்குள் யாராவது இடம் தந்தாக வேண்டும். பேட்டரி நகரும், மவுண்ட்டை வெட்டி வெல்டு வைக்க வேண்டும், ஆக்ஸில் நீளம் பொருந்தாமல் கடைசலுக்குப் போகும். ஜென் இதில் பெரிய சலுகை எதுவும் தருவதில்லை. துளை 72, கூடுதல் 82.5. சிசியில் 300-க்கு மேல் விட்டுக்கொடுத்து மிச்சப்படுத்தும் இடம் 8 மில்லிமீட்டர் என்பது ஜென் கட்சியினர் பேச விரும்பாத உண்மை.

பட்ஜெட்டுக்கு வருவோம். இத்துறையின் ஆதாரச் சமன்பாடு இது: செ = இ + சு + மீ. செ என்பது மொத்தச் செலவு, இ என்பது இன்ஜின் விலை, சு என்பது சுற்றியுள்ளவற்றின் விலை, மீ என்பது மீண்டும் இறக்கி ஏற்றும் கூலி. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கேட்டதும் சொல்வது இ மட்டுமே. வீட்டில் சொல்லப்படுவதும் இ மட்டுமே, அதுவும் பேரம் முடிந்த பிறகு கிடைக்கும் என்று நம்பிய விலை. சு-வைப் பற்றி இன்ஜின் இறங்கும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. இறங்கிய பின்னர் "இறக்கினது இறக்கிட்டோம், கிளட்ச் பிளேட்டையும் மாத்திருங்க" என்ற குரல் எழும். இதை இறக்கினதோடு விதி என்று பெயரிடுகிறோம். இதன்படி டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள், கேஸ்கட் செட் ஆகியவை வரிசையாக உள்ளே வரும். எதுவும் அநியாயமான செலவு அல்ல என்பதுதான் இவ்விதியின் கொடுமை. பழைய இன்ஜினை இவையெல்லாம் மாற்றாமல் ஏற்றுவது அதைவிடப் பெரிய மடமை.

சு-வின் இரண்டாம் அடுக்கு இன்னும் கனமானது. சூடு கூடுவதால் பெரிய ரேடியேட்டர். வேகம் கூடுவதால் பிரேக். 12 அங்குலச் சக்கரம் அத்தனை இழுவைக்குச் செய்யப்பட்டதல்ல, ஆகவே டயரும் சஸ்பென்ஷனும். பின்னாளில் வந்த 85 குதிரைத்திறன் எம்பிஎஃப்ஐ எஸ்டீமை விரும்புவோருக்குக் கணினிப் பெட்டி, சென்சார்கள், முழு வயரிங், டாங்குக்குள் மின்பம்பு என்று தனிச் செலவுக் காண்டமே உண்டு. எமது பரிந்துரை: கையில் உள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்ஜினுக்குப் போகக்கூடாது. இன்னொரு பங்கு சு-வுக்கு. மீதியைத் தொடவே கூடாது. மீ தானாக வந்து எடுத்துக்கொள்ளும்.

இத்தனையும் கணக்கிடுவோர் மறப்பது ஒன்று உண்டு. ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. தேய்ந்த இன்ஜினுக்குப் பதில் அதே வகை இன்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு வைக்கலாம், 800-க்குள் எஸ்டீமுக்கு அந்த வாசல் இல்லை. அதே ஆண்டில் வந்த சட்டத்திருத்தமோ அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற இடத்தில் சு-வின் பட்டியலை மறுபடி வாசிப்பது நலம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் அந்தப் பட்டியலை நம்மைவிடக் கவனமாக வாசிக்கும்.

இச்சிக்கலைக் கோவைப் பள்ளி எப்போதோ தீர்த்துவிட்டது. பந்தயக் கார்களை வடிவமைத்த எஸ். கரிவரதன் 800-இன் இன்ஜினை அப்படியே வைத்துக்கொண்டு காரை மாற்றினார். கூரையில்லாத, ஒற்றை இருக்கை கொண்ட ஃபார்முலா மாருதி பிறந்தது. நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்க்கை தொடங்கியது அவ்வண்டியில்தான். மலையேற மறுத்த அதே 796 சிசி, சுமை குறைந்ததும் பந்தயம் ஓடியது. செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை இன்றும் கரிவரதன் பெயரைத்தான் தாங்குகிறது.

இம்முறையை இல்லங்களிலும் பின்பற்றலாம். நான்கு பேர் ஏறிய 800-இன் எடை ஏறத்தாழ 910 கிலோ. அதில் 70 கிலோ எடையுள்ள ஒருவரை இறக்கிவிட்டால் எடைக்கேற்ற திறன் 8 சதவீதம் உயரும். செலவு, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஒரு பஸ் டிக்கெட். இறங்க வேண்டியவர் மாமனாரா மைத்துனரா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

யாரையும் இறக்க மனமில்லாதவர்களுக்கு எமது தீர்ப்பு: கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் போரிங் செய்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, கார்புரேட்டரைக் கழுவி, பழைய இன்ஜினையே ஏற்றுங்கள். எண் மாறாது, ஆர்.சி. மாறாது. மலையில் ஏசியை மட்டும் அணைத்துக்கொள்ளுங்கள். குன்னூரில் அதற்குத் தேவையும் இல்லை.