மஞ்சள் மகிமை

காற்றுக்கு நிறமில்லை என்பது பழங்கதை. கொல்கத்தாவில் கரியாஹாட்டுக்குப் பக்கத்திலேயே பாலிகஞ்சிலும் ரவீந்திர சரோவரிலும் காற்றின் தரத்தை அளக்க நிலையங்கள் உண்டு. 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 75 மைக்ரோகிராம் பிஎம் 2.5 துகள் இருந்தால், 2014இல் அறிமுகமான நம் தேசியக் காற்றுத்தரக் குறியீடு 'மிதம்' என்று மங்கலகரமாக மஞ்சள் பூசும். அதே காற்றுக்கு அமெரிக்கக் குறியீடு அபசகுனமாகச் சிவப்புக் காட்டும். ஆகவே காற்றுத்தரம் காட்டும் செயலியை மாற்றினால் போதும். ஒரு மரமும் நடாமல் ஊர் தேறிவிடும். நுரையீரல் நிறம் பார்ப்பதில்லையே என்பார்கள் சிலர். அது பயிற்சிக் குறைவு. எல்லா அறிக்கையிலும் ஒரே நிறம் வேண்டும் என்பவர்களின் கோரிக்கை நியாயமானது. அவர்கள் இரு குறியீடுகளின் அறிக்கைகளையும் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுக்கட்டும். மஞ்சளும் சிவப்பும் ஒருசேரச் சாம்பலாகும். அறிக்கையும் முதன்முறையாக உண்மை பேசும்.