ஆப்ஷன் பி

1986-ல் ஃபார்மகாலஜி வைவா. "ஹார்ட் ஃபெய்லியருக்கு பீட்டா பிளாக்கர் கொடுப்பியா?" என்றார் எக்ஸ்டர்னல். "கூடவே கூடாது சார், இருக்கிற இதயமும் படுத்துடும்" என்றேன். அவர் தலையாட்டிய வேகத்திலேயே பாஸ் என்று தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி ரூம்மேட்டுகளுக்கு என் செலவில் பரோட்டா.

இப்போது மகள் வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்து வந்து எஃப்எம்ஜிஇ-க்குப் படிக்கிறாள். 300 கேள்வி, 150 வாங்கினால்தான் இங்கே ஸ்டெதாஸ்கோப்பைத் தொடலாம். அதில் ஃபார்மாவுக்கு 13, பேத்தாலஜிக்கு 13. ஒன்றரை வருஷம் சடோஸ்கரையும் ராபின்ஸையும் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவனுக்கு இது கொஞ்சம் அவமானம்தான். அன்று எங்கள் லேபில் தவளைத் தசை இழுக்க இழுக்க, புகையேற்றிய டிரம்மில் கோடு விழும். அந்தத் தாளை வார்னிஷில் முக்கிக் காயவைத்துவிட்டு மூக்கெல்லாம் கரியோடு சாப்பிடப் போவோம். அவளுக்குத் தவளையும் டேப்லட்டுக்குள்ளேயே துடிக்கிறது.

"அப்பா, ஹார்ட் ஃபெய்லியர்ல ஆயுளைக் கூட்டுற மருந்து எது? ஏ, கார்வெடிலால். பி, டிஜாக்சின்..."

"பி" என்று முந்திக்கொண்டேன். திரை சிவந்தது.

கூடாது என்ற பீட்டா பிளாக்கரைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 1999-ல் பெரிய ஆய்வுகள் வந்து மாற்றிவிட்டன. எனக்குத் தெரியாதா? அன்று காலையில்தான் கிளினிக்கில் இரண்டு பேருக்குக் கார்வெடிலால் எழுதியிருந்தேன். கை காலத்தோடு வந்துவிட்டது. பரீட்சை என்றால் நாக்கு மட்டும் 1986-க்கு ஓடுகிறது.

அல்சரும் அப்படித்தான். அமிலம், கவலை, காரம் என்று எழுதி நான் மார்க் வாங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பே, ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் ஹெலிகோபாக்டர் கிருமியைக் குடித்துத் தன் இரைப்பையையே கெடுத்துக் காட்டியிருந்தார். 2005-ல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபலும் வாங்கினார். சேதி எட்டும்வரை என் நோயாளிகள் மோர்சாதம் சாப்பிட்டார்கள். தாலிடமைடா? 1961-லேயே ஒழித்துக்கட்டிய விஷம் என்பேன். அவள் பாடத்தில் அது மைலோமாவுக்கு மருந்து.

ஒரே வாரத்தில் மகள் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டாள். "நீங்க முதல்ல சொல்லுங்கப்பா. அதை அடிச்சிட்டா மூணுதான் மிச்சம்."

நேற்று ஒரு படம். வெட்டிய ஈரல், வெளிறிய பழுப்பில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். காரணம் கேட்டிருந்தார்கள். பேத்தாலஜி மியூசியத்தில் வாசலோர ஃபார்மலின் ஜாடியில் இதை எத்தனை நாள் முறைத்திருப்பேன்! "நட்மெக் லிவர். வலப்பக்க ஹார்ட் ஃபெய்லியர்" என்றேன். வழக்கம்போல அதை அடித்துவிட்டு வேறொன்றைத் தொட்டாள். சிவப்பு.

சற்று நேரம் திரையையே பார்த்தாள். "நட்மெக்னா உள்ள எப்படிப்பா இருக்கும்?"

அடுக்களையில் அஞ்சறைப் பெட்டியைக் கிளறி ஒரு ஜாதிக்காயை எடுத்து, அம்மாவின் பாக்குவெட்டியால் இரண்டாக நறுக்கி, டேப்லட் மேலேயே வைத்தேன்.