முதுகுக்குப் பின்னால் ஒரு பீடி: மங்கலம்பேட்டைப் புகைநாகரிகம் பற்றிய ஆய்வு

ஆய்வுக்களம், விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையிலுள்ள மங்கலம்பேட்டை. பேருந்து நிறுத்தமும் டீக்கடை பெஞ்சும்தான் ஆய்வுக்கூடம். புகைப்பவர் புகைக்காதவருக்குக் காட்டும் மரியாதையே ஆராயப்படும் பொருள்.

அப்படியொரு மரியாதையே கிடையாது என்பவர்கள் சரியாகக் கவனிக்காதவர்கள். பெஞ்சில் பீடி இழுத்துக்கொண்டிருப்பவர், தூரத்தில் மாமனாரின் சைக்கிள் தெரிந்ததுமே நெருப்பு முனையை உள்ளங்கைக்குள் திருப்பி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார். சுட்டாலும் முகத்தில் காட்டமாட்டார். "வாங்க மாமா, டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்கும்போது மூக்கு வழியாகக் கொஞ்சம் உண்மை வெளியே வரும். மாமனாரும் எதையும் பார்க்காதவராகப் போய்விடுவார். ஆனால் அந்தக் கை மறைந்திருக்கும் உயரம், பார்சல் டீக்குத் தூக்குவாளியோடு நிற்கும் பையனின் மூக்கு உயரம். மரியாதை மாமனாருக்கு, புகை பையனுக்கு. நம் புகைநாகரிகம் உறவுமுறையைப் பார்க்கிறது, நுரையீரலைப் பார்ப்பதில்லை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

சட்டம் வேறொரு கேள்வியோடு மல்லுக்கட்டியது: முதலில் வாய் திறக்க வேண்டியவர் யார்? 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி, புகைப்பதற்கென ஒதுக்காத பெட்டியில் சக பயணிகளின் சம்மதமில்லாமல் புகைத்தால் 20 ரூபாய் வரை அபராதம். கேட்க வேண்டியவர் புகைப்பவர். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 167ஆம் பிரிவோ, சக பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது என்றது. மீறினால் 100 ரூபாய் வரை. ஆக, நூறாண்டு முன்னேற்றத்தில் பேசும் பொறுப்பு இருமுகிறவர் தலையில் விழுந்தது. விருத்தாசலம் சந்திப்பில் ஏறுகிற நம்மவர் எங்கே வாய்விட்டு ஆட்சேபிக்கிறார்? துண்டால் மூக்கைப் பொத்துவார், ஜன்னலைத் தூக்குவார், தேவைக்கு மேல் ஒரு தடவை இருமுவார். இந்த இருமல் சட்டப்படி ஆட்சேபணையா என்பதை 167ஆம் பிரிவு சொல்லவில்லை.

2008 அக்டோபர் 2 முதல் யாரும் வாய் திறக்கவே வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், பொது இடங்களில் 60க்கு 30 சென்டிமீட்டர் பலகையைப் பேசவைத்தன. அபராதம் 200 ரூபாய் வரை. அங்கே சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் வழங்கக் கூடாது. பக்கத்து விருத்தாசலத்தில் அகல் விளக்கு முதல் பொம்மை வரை பீங்கானில் செய்கிறார்கள். சாம்பல் கிண்ணத்துக்கு மட்டும் இந்த விதிகளால் சந்தை சுருங்கியதாகவே கருத வேண்டும்.

வீட்டுக்குப் பலகை கிடையாது. 2016-17ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பில், வயதுவந்தோரில் 38.7 சதவீதத்தினர் வீட்டிலேயே அடுத்தவர் புகையைச் சுவாசித்தனர். அங்கே மாமனார் எப்போதாவதுதான் வருவார்.

மேலாய்வுக்குரிய சிக்கல் ஒன்று மிச்சமிருக்கிறது: கடைசி இழுப்பு. பேருந்து உறுமியதும் ஆழமாக ஓர் இழுப்பு இழுத்து, துண்டுப் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ஏறுகிறவர், உள்ளே வந்துதான் ஊதுகிறார். பேருந்து நிறுத்தத்தைத் திறந்தவெளி என்று சொல்லித் தப்பவும் 2008 விதிகள் இடம் தரவில்லை. வெளியே இழுத்ததற்கு ஒன்று, உள்ளே விட்டதற்கு ஒன்று என இரண்டு அபராதமா, ஒரே புகைக்கு ஒன்றுதானா? கண்டக்டர் தீர்ப்புச் சொல்வதில்லை. "மேல ஏறி உள்ள வாங்கண்ணே" என்று சொல்லி விசில் கொடுத்துவிடுகிறார்.