கூடத்துக் கடைக்காரப் பேத்திக்கு

அம்மாடி, சென்னை வேலையை உதறிட்டு வந்து நீ வீட்டுக் கூடத்துல ஆன்லைன் கடை போட்டதுல தாத்தாவுக்குப் பெருமை சொல்லி மாளாது. பாபநாசம் கடைத்தெருவுல போட்டிருந்தா அட்வான்ஸ், வாடகை, போர்டுன்னு எத்தனை செலவு! உனக்கு ஒண்ணும் கிடையாது. இடம் என்னோடது, கரண்டு பில்லு உங்கப்பனோடது, சோறு உங்கம்மாவோடது. லாபம் மட்டும்தான் உன்னோடது. அது எங்க இருக்குன்னு வீட்ல எல்லாரும் தேடிக்கிட்டிருக்கோம்.

கோவிச்சுக்காதே. கிழவனுக்கு வாய் மட்டும்தான் இன்னும் ஓடுது.

கடைக்குப் பேர் வைக்கவே தை முழுக்கப் போச்சு. மாசியில லோகோ. நெற்கதிர் இடப்பக்கம் சாயணுமா வலப்பக்கம் சாயணுமான்னு இந்த வீட்ல ராத்திரி பகலா விவாதம். கதிர் சாய்ஞ்சு முடியறதுக்குள்ள கோணியில கிடந்த அரிசிக்கு வண்டு குடித்தனம் வந்துடுச்சு. தீட்டாத அரிசியோட குணம் அது. தவிடு ஒட்டிக்கிட்டிருக்கறதாலதான் அதை நீ சத்து அரிசின்னு விக்கறே. அதே தவிட்டுல எண்ணெய் இருக்கறதால நாள்பட்டா சிக்கு வாடை அடிக்கும், வண்டுக்கும் கல்யாண விருந்து. வசம்பு போடலாம், வேப்பிலை போடலாம், கொஞ்ச நாள் தாங்கும். இதுக்கு நம்ம ஊர்ல பழைய வழி ஒண்ணுதான்: நெல்லா வச்சுக்கோ. நல்லாக் காயவச்ச நெல்லு பத்தாயத்துல ஒரு வருஷம் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஆர்டர் சேரச் சேர மில்லுக்கு எடுத்துட்டுப் போய் அரைச்சுக்கோ. தையில அறுத்த புது அரிசியை வடிச்சா குழையும், பட்டணத்துக்காரி போன் போட்டுத் திட்டுவா. பழசானா சோறு உதிரியா வரும், விலையும் கூட. அறுத்த கையோட வித்துத் தீர்க்கணும்னு உன்னை எந்தக் கடன்காரன் துரத்தறான்?

மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி, காட்டுயானம்னு உன் ஆன்லைன் பக்கத்துல பேர் பேரா அடுக்கியிருக்கியே, இதெல்லாம் உன் கைக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிமேட்டுக்காரர் ஒருத்தர், நெல் ஜெயராமன். 2018 டிசம்பர்ல போய்ச் சேர்ந்துட்டார், புண்ணியவான். ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்துவார். வர்ற விவசாயிக்கு 2 கிலோ விதைநெல். அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பித் தரணும். ஒப்பந்தமே அவ்வளவுதான். அழிஞ்சு போச்சுன்னு நெனச்ச ரகம் 170க்கு மேல இப்படித்தான் மறுபடி வயலுக்கு வந்துச்சு. விதை வாங்கிட்டுப் போனவன் அடுத்த வருஷம் திரும்பி வந்தான் பாரு, அதுதான் வியாபாரம். உன் கடைக்கு ரெண்டாவது தடவை வந்தவங்க எத்தனை பேர்? நோட்டை எடுத்து எண்ணு. நீ என்னடான்னா பாலோயரை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கே. பாலோயர்ல பாதி நம்ம சொந்தக்காரங்க. அவங்க யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டாங்க. “டேஸ்ட் பாக்க ஒரு கிலோ குடுத்தனுப்பு”ன்னு கேப்பாங்க. டேஸ்ட்டுக்குக் கால் கிலோ பொட்டலம் போட்டு, அதுக்கும் விலை எழுதி வை. முறைச்சுக்கறவங்க ரெண்டு நாள் முறைச்சுக்கட்டும்.

போன வாரம் ஒரு ரீல்ஸ் போட்டியே, “மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டா இளவட்டக்கல்லைத் தூக்கலாம்”னு. நல்லாத்தான் இருந்துச்சு. கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள்ளை கல்லைத் தூக்கணும், அந்த பலத்துக்கு இந்த அரிசின்னு ஊர்ல சொல்ற கதைதான், ஒருத்தனும் கேஸ் போடப் போறதில்ல. அதுக்கு அடுத்ததா ஒண்ணு போட்டியே, “கவுனி அரிசி சர்க்கரை நோயைக் குணமாக்கும்”னு, அதை இன்னிக்கே எடுத்துடு. சர்க்கரை வியாதியைக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு 1954லயே சட்டம் போட்டுட்டான். உங்கப்பனே அப்ப பொறக்கல. வைத்தியம் பாக்கறவங்களுக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கறப்ப, வெறும் அரிசி விக்கற உனக்கு எதுக்கு அந்த வம்பு? “ஆர்கானிக்”ங்கற வார்த்தையையும் பாத்துப் போடு. அதுக்குப் பிஜிஎஸ்னும் என்பிஓபின்னும் சான்று முறை இருக்கு. தன் வயல்ல விளைஞ்சதை நேரா சாப்பிடறவங்களுக்கு விக்கற சின்ன விவசாயிக்குச் சலுகை உண்டு. நீ மன்னார்குடிக்காரர்கிட்ட வாங்கி கவர் மாத்தி விக்கறியே, அதுக்கு அந்தச் சலுகை வராது. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்காதே, மூட்டை கொண்டாந்த வண்டிக்காரன் நம்ம திண்ணையில உக்காந்துதான் மோர் குடிச்சான்.

குணமாகும்னு எழுதற இடத்துல, ராத்திரியே ஊற வைக்கணும்னு எழுது. கவுனி அரிசியை அப்படியே குக்கர்ல போட்டுட்டு “வேகவே இல்ல, கல்லு மாதிரி இருக்கு”ன்னு ஒரு ஸ்டார் போட்டாளே வேளச்சேரிப் பொண்ணு, அவ மேல என்ன தப்பு? எட்டு மணி நேரம் ஊறணும், தண்ணி கூட வைக்கணும், ஊறின தண்ணியிலயே வேக விடணும்னு ஒரு துண்டுச் சீட்டு பொட்டலத்துக்குள்ள போட்டிருந்தா, அவளே நாலு பேருக்குச் சொல்லியிருப்பா. சீட்டு அடிக்க ஆகற செலவை, நீ லோகோவுக்குக் கொடுத்த காசுக்குப் பக்கத்துல வச்சுப் பாக்காதே, வயிறு எரியும்.

அடுத்தது காகிதம். வடகம் மாதிரி வீட்டு அடுப்புல செய்யறதுக்கு எதுக்கு லைசென்ஸுன்னு உங்கம்மா கேக்கறா. 2006ல வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வீட்டு அடுப்பும் ஒண்ணுதான், ஹோட்டல் அடுப்பும் ஒண்ணுதான். சின்ன ஆளுங்களுக்குப் பதிவுச் சான்று போதும், ஆன்லைன்லயே வாங்கிடலாம். அந்த 14 இலக்க எண்ணைப் பொட்டலத்துல போடணும். கூடவே உன் பேரு, முகவரி, நிகர எடை, பேக் பண்ணின மாசம் வருஷம், எம்ஆர்பி, புகாருக்குப் போன் நம்பர். இப்ப உன் கவர்ல என்ன இருக்கு? “அன்புடன்”னு இருக்கு. அரிசி எத்தனை கிலோன்னு இல்ல, அன்பு மட்டும் இருக்கு. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு பண்ணித் தரேன்னு யாரோ போன்ல பணம் கேட்டான்னியே, அதுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது தாயி. ஆதாரை வச்சு நீயே பதிஞ்சுக்கலாம்.

ஜிஎஸ்டி விஷயத்துல நம்ம ஊர் அரிசிக்காரங்க மூளையைப் பாத்து நீ கத்துக்கணும். 2022 ஜூலை 18லேர்ந்து 25 கிலோ வரைக்கும் பேக் பண்ணி லேபிள் ஒட்டின அரிசிக்கு 5 விழுக்காடு வரி. அரசாங்கம் கோடு போட்டான், இவங்க கடையில 26 கிலோ மூட்டையைக் கொண்டாந்து வச்சுட்டாங்க! அந்த ஒரு கிலோவுக்குள்ள எத்தனை பெரிய படிப்பு இருக்கு பாரு. ஆனா அது உனக்கு உதவாது. நீ விக்கறது ஒரு கிலோ, ரெண்டு கிலோ பொட்டலம். சரக்கு விக்கறவனுக்கு வருஷத்துக்கு 40 லட்சம் வரைக்கும் பதிவு வேண்டாம்னு தமிழ்நாட்டுக்குள்ள இருக்கு. அந்த 40 லட்சத்தை நெனச்சு நீ கவலைப்படற நாளைத் தாத்தாவும் பாக்க ஆசைப்படறேன். அதுக்கு முந்தியே பெங்களூருக்குப் பார்சல் கட்டறியே, மாநிலம் தாண்டினா கணக்கு வேற. வரி உள்ள சரக்கு எல்லை தாண்டினா முதல் ரூபாயிலேர்ந்தே பதிவு கேப்பான். கும்பகோணத்துல ஒரு ஆடிட்டர் வீட்டுப்படி ஏறிட்டு வந்துடு.

இப்ப கூரியருக்கு வா. இங்கதான் உன் லாபம் ஓடிப் போச்சுன்னு நான் நெனைக்கறேன். வெங்காய வடகம் ரெண்டு கிலோவைப் பெரிய பொட்டியில போட்டு, நொறுங்கக் கூடாதுன்னு பேப்பரை அடைச்சு அனுப்பினே. கூரியர்காரன் ஏழு கிலோவுக்குப் பில்லு போட்டான்னு சண்டைக்குப் போனே. பையன் பேந்தப் பேந்த முழிச்சான். அவன் போட்டது சரிதான். பொட்டி 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். மூணையும் பெருக்கி 5000ஆல வகுத்தா 7.2. பெரும்பாலான கூரியர்ல இந்தக் கணக்குதான். தராசுல நிக்கற எடை, இந்த எடை, ரெண்டுல எது கூடவோ அதுக்குக் காசு. நீ வடகம் ரெண்டு கிலோ அனுப்பினே, கூடவே நம்ம கூடத்துக் காத்தையும் அஞ்சு கிலோ அனுப்பினே. வாங்கினவங்க ஊர்ல காத்துக்கு அவ்வளவு பஞ்சமா? சரக்குக்கு ஏத்த அளவா நாலு தினுசுப் பொட்டி வாங்கி வை. அரிசிக்கு இந்தத் தொல்லையே இல்ல, அது கனத்துல அடங்கிடும். வடகம், அப்பளப்பூ, தலையாட்டி பொம்மை மூணும்தான் காத்துக்குக் கூலி கேக்கற சரக்கு.

பொம்மைன்னதும் ஞாபகம் வருது. தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கு, நல்ல பேரு இருக்கு, படமும் அழகா விழுது. ஆனா நீ அனுப்பினதுல தலை தனியா, ஆட்டம் தனியா போய்ச் சேருது. பாகம் பாகமாக் கழட்டி ஒவ்வொண்ணையும் தனித்தனியாச் சுத்தணும். செஞ்ச ஆளுகிட்டயே போய், அவர் வெளியூருக்கு எப்படிக் கட்டறார்னு பக்கத்துல உக்காந்து பாத்துட்டு வா. அதுவரைக்கும் பொம்மையை நிறுத்தி வை. எல்லாத்தையும் விக்கறவ எதையும் விக்கறதில்ல. நம்ம ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் இதுக்குக் கோவிச்சுக்குவார், இருந்தாலும் சொல்றேன்.

“வீட்டுக்கு வந்தப்புறம் காசு”ன்னு கேக்கற புது ஆளுக்கு அனுப்பாதே. ஆள் இல்ல, வேண்டாம்னு திரும்பி வந்தா போற கூலி வர்ற கூலி ரெண்டும் உன் தலையில. அப்புறம் அந்த ராணுவக்காரர். “கேம்ப்புக்கு 50 கிலோ வேணும், விலை பேச வேண்டாம், அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சிஸ்டர்”னு பேசினானே, விலை பேசாம அரிசி வாங்கற மனுஷனை இந்த ஜில்லாவுல நான் பாத்ததே இல்ல. அங்கயே நீ சுதாரிச்சிருக்கணும். பணம் வர்றதுக்குப் பின் நம்பர் எதுக்கு? பின் போட்டா பணம் போகும், அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதே, பேங்கு கணக்குல ஏறிச்சான்னு பாத்துட்டுப் பொட்டியை ஒட்டு. ஏமாந்துட்டா வெக்கப்பட்டுக்கிட்டு ரூமுக்குள்ள உக்காராதே, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடி. நேரம் ஆக ஆகப் பணம் கை மாறிடும்.

கடன் வாங்கி மெஷின் போடலாமான்னு கேட்டே. சிறு உணவுத் தொழிலுக்குன்னு 2020ல மத்திய அரசு கொண்டாந்த திட்டத்துல 35 விழுக்காடு மானியம், உச்சமா 10 லட்சம் வரைக்கும் கொடுத்தான். இப்ப என்ன நிலவரம்னு மாவட்டத் தொழில் மையத்துல கேட்டுக்கோ. மானியம் 35ன்னா மிச்சம் 65ஐ யார் கட்டறதுன்னும் அங்கயே கேட்டுடு. அதுக்கு முந்தி புதுக்கோட்டை ரோட்டுல இருக்கற நிஃப்டெம் நிறுவனத்துக்கு ஒரு நடை போய்ட்டு வா. உணவு பதப்படுத்தறதைப் பத்தியே ஆராய்ச்சி பண்றவங்க, பயிற்சி தராங்க, சரக்கைச் சோதிச்சு எத்தனை நாள் தாங்கும்னு சொல்றாங்க. நீ கவர்ல “6 மாதம்”னு போட்டிருக்கியே, அது எந்தச் சோதனையில வந்த ஆறு?

“வீட்லதானே இருக்கே”ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாரு, உன் கடையைப் பாதி தின்னது அதுதான். சிலிண்டர் வந்தா நீ வாங்கணும், சித்தி வந்தா நீ காப்பி போடணும், நான் கண்ணாடியைத் தொலைச்சா நீ தேடணும். காலையில பத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும் கூடத்துக் கதவைச் சாத்திக்கோ. நான் கூப்பிட்டாலும் திறக்காதே. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸாப்ல “விலை என்ன?”ன்னு கேக்கறவனுக்கு நீ ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம், பிசினஸ் வாட்ஸாப் தானாச் சொல்லிக்கும். விலையைப் படத்துக்குக் கீழயே எழுதிடு. “இன்பாக்ஸுக்கு வாங்க”ன்னு எழுதறதைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு.

கடைசியா அந்த விலை. மோர் மிளகாய்க்கு விலை போட்டதைக் காட்டினே: மிளகாய், தயிர், உப்பு, கவர், கூரியர், மேல கொஞ்சம் லாபம். அழகான கணக்கு. சித்திரை வெயில்ல உங்க அப்பாயி அந்த மிளகாயை ஒவ்வொண்ணாக் கீறினா. ராத்திரி மோர்ல ஊறப் போட்டா, காலையில மாடியில காய வச்சா, சாயங்காலம் வாரி மறுபடி அதே மோர்ல போட்டா. மோர் வத்தற வரைக்கும் தினம் இதே வேலை. நடுவுல காக்கா ஓட்டணும், மேகம் கறுத்தா ஓடணும். பத்து கிலோ பச்சை மிளகாய் காஞ்சு சுருங்கினப்புறம் ரெண்டு கிலோ தேறினா அதிர்ஷ்டம். ஐப்பசி அடைமழையில இன்னொரு ஈடு போட முடியாது, அதனால இந்த ரெண்டு மாசத்துல காஞ்சதுதான் உன் வருஷத்துச் சரக்கு. இத்தனையும் உன் கணக்குல எந்த வரியில இருக்கு? ஒரு ஆளைக் கூலிக்கு வச்சிருந்தா என்ன கொடுத்திருப்பியோ, அதை விலையில ஏத்து. ஏத்தினப்புறமும் ஜனங்க வாங்கினா உன்கிட்ட கடை இருக்கு. வாங்கலேன்னா இத்தனை நாளா உங்க அப்பாயிதான் ஊருக்கெல்லாம் மோர் மிளகாய் தானம் பண்ணியிருக்கா.

அவ வாய் திறந்து கேக்க மாட்டா. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சித்திரை, வைகாசி ரெண்டு மாசக் கூலியையும் எண்ணி அவ கையில நோட்டாக் கொடு. ஜிபேயில போடறேன்னு சொல்லாதே, அவகிட்ட இருக்கறது பட்டன் போன்.